செண்பகராஜ் அணைத்து வைத்த போன்

2009 மாசியில் நான் ஏறியது செண்பகராஜ் அண்ணாச்சியின் லோடு வேனில். விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டி கமிஷன் கடைகளுக்கு மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றும் வண்டி. அண்ணாச்சி ஆடு வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். தன் பங்குக்கு வந்த நாற்பது ஆட்டையும் விற்று அந்த வேனை வாங்கியிருந்தார். "ஆடுன்னா தானா நடக்கும், இதுக்கு டீசல் ஊத்தணுமேன்னு எங்கய்யா இன்னும் கேக்காவ" என்று சிரிப்பார்.

என் மடியில் ஒரு சர்க்யூட் போர்டும் சிறு திரையும். போர்டில் இருந்தது மொபைல் போனுக்குள் வைக்கும் டிவி ரிசீவர் சிப்பின் மாதிரி. பல நாடு சுற்றிவிட்டு பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த எனக்கு, ஆன்டெனாவில் வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் முன்பகுதி பொறுப்பு. சிக்னல் நலிந்த இடத்தில், ஓடும் வண்டியில் சோதிக்கத்தான் சொந்த ஊருக்கு வந்திருந்தேன். சனிக்கிழமை சிப்பின் இறுதி வரைபடம் தொழிற்சாலைக்குப் போக வேண்டும்.

முதல் நாள் எட்டயபுரம் தாண்டியதும் படம் மூன்று முறை அடியோடு போனது. சிப்பின் டிஜிட்டல் பகுதியிலிருந்து இரைச்சல் என் பகுதிக்குள் கசிகிறது என்று பயந்தோம். அப்படியென்றால் முழுவதையும் புதிதாக வரைய வேண்டும். அதற்கு அவகாசம் கிடையாது, திட்டத்தையே மூடிவிடுவார்கள். அடுத்த இரண்டு நாளும் அதே சாலையில் போனேன். படம் ஒருமுறைகூடப் போகவில்லை. காரணம் தெரியாமல் தானாகச் சரியான பழுதை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை வண்டி காலியாகவே கிளம்பியது. எட்டயபுரம் தாண்டியதும் கேட்டேன்.

"லோடு இல்லையா அண்ணாச்சி?"

"வேற வண்டிக்குக் குடுத்துட்டாராம் கடைக்காரர். ரெண்டு நாளா என் போன் அணைஞ்சே கெடக்குன்னு ஏச்சு."

"ஏன் அணைச்சீய?"

"நீங்க பரீட்ச எழுதுற புள்ள மாதிரி அதையே பாத்துக்கிட்டு இருக்கீய. பக்கத்துல நான் 'ஏலே, எத்தன மூட்ட'ன்னு கத்திக்கிட்டே வந்தா நல்லாவா இருக்கும்? அதான் முத நாளோட அணைச்சிட்டேன்."

"முத நாள் எத்தன தடவ பேசுனீய?"

"மூணு. இங்கனதான். டவரு ஒத்தக் கோடுதான் எடுக்கும், பேசுனா போன் தோசக்கல்லு மாதிரி சுடும்."

"வண்டிய நிறுத்துங்க. கடைக்குப் போன் போடுங்க."

"வைவாருல்லா!"

"வையட்டும்."

அவர் பேசினார், திரை இருண்டது. வைத்தார், படம் வந்தது. நான்கு முறை பேச வைத்தேன், நான்கு முறையும் கடைக்காரரிடம் வசவு வாங்கினார்.

டவர் தூரமாக இருந்தால் போன் முழு பலத்தோடு கத்துகிறது. அந்தக் கத்தலில் என் பெருக்கிக்குக் காது அடைத்துப்போகிறது. பெங்களூரில் அலுவலகத்துக்கு எதிரிலேயே டவர், அங்கே போன்கள் கிசுகிசுத்தால் போதும். அதனால் இது எங்களுக்குத் தெரியவே இல்லை. பெருக்கிக்கு முன்னால், போனின் அலையைத் தடுக்கும் ஒரு வடிகட்டி சேர்த்தோம். சனிக்கிழமை வரைபடம் போனது.

கைவிட்டுப்போன லோடைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் மறக்கவில்லை.

மறுவருடம் அந்த சிப் பொருத்திய போன் ஒன்றை அவருக்கு அனுப்பினேன். பழைய போனிலிருந்து அழைத்தார்.

"தங்கச்சி, அதே எடத்துலதான் நிக்கேன். ஒத்தக் கோடுதான். புதுசு பக்கத்துல ஓடுது. கேக்குதா?"

அவர் குரலுக்குப் பின்னால் யாரோ மழை நிலவரம் வாசித்துக்கொண்டிருந்தார், தடங்கல் இல்லாமல்.

"கேக்குது அண்ணாச்சி."

"அப்ப சரி. வச்சிருதேன், போன் சுடுது."