‘அமைப்பு இல்லை’ என்று திரும்பி வந்த கட்டுரை

நான்காவது தடவையும் கட்டுரை அதே இரண்டு சொற்களோடு திரும்பி வந்தது. முதல் பக்கத்தின் மேல் மூலையில், சிவப்பு மையில், “அமைப்பு இல்லை.” இருபத்திரண்டு பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு கோடு இல்லை, ஒரு கேள்விக்குறி இல்லை. நெறியாளர் அவற்றைப் புரட்டினாரா என்பதற்கே அடையாளம் இல்லை.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. புதுக்கடைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் சமூக அறிவியல் நடத்திவிட்டு, அந்த வேலையை விட்டு, நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்திருந்தேன். என் ஆய்வு, எங்கள் பக்கத்து முந்திரி ஆலைப் பெண்களைப் பற்றியது. ஊரில் யாரும் முந்திரி ஆலை என்று சொல்வதில்லை, அண்டியாபீஸ் என்றுதான் சொல்வார்கள். என் அம்மாவும் இளவயதிலிருந்து அண்டியாபீஸில் கொட்டை உடைத்தவள்தான். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு அவளுடைய விரல் நுனிகள் கறுத்துப் போயிருக்கும். ஆலை மூடிய பிறகும் அந்தக் கறுப்பு போகவில்லை. அதனால் ஆய்வேட்டின் முதல் இயலாக வரவேண்டிய இந்தக் கட்டுரையை என்னைவிட யாரால் நன்றாக எழுத முடியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித் தந்ததும், நான் பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்ததும் ஒரே முறைதான். முன்னுரை, உள்தலைப்புகள், முடிவுரை. முன்னுரையில் ஒரு குறள் இருந்தால் கூடுதல் மதிப்பெண். முதல் தடவை அப்படியேதான் எழுதினேன். முக்கடலும் சூழ்ந்த குமரி மாவட்டத்தின் எழிலில் தொடங்கி, முந்திரி மரம் கப்பலேறி வந்த கதையைச் சொல்லி, ஆலைகள் வந்த கதையைச் சொல்லி, பெண்கள் பேசியதையெல்லாம் வரிசையாக வைத்து, “ஆகவே அரசு ஆவன செய்தல் வேண்டும்” என்று முடித்தேன். அமைப்பு இல்லை.

இரண்டாவது தடவை உள்தலைப்புகளைக் கூட்டினேன். மூன்றாவது தடவை எல்லாத் தலைப்புகளையும் எடுத்துவிட்டு ஒரே ஓட்டமாக எழுதினேன். நான்காவது தடவை ஒன்று புள்ளி ஒன்று, ஒன்று புள்ளி இரண்டு என்று எண் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதம், இரண்டரை மாதம். எழுத ஒரு மாதம், அவர் மேசையில் கிடக்க ஒரு மாதம்.

நெறியாளரிடம் நேரிலேயே கேட்டேன். “சார், அமைப்புன்னா நீங்க எதைச் சொல்றீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்ல கட்டுரைகளா நிறைய வாசிங்கம்மா. தானா வரும்.”

“நிறைய வாசிச்சேன் சார். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கு.”

“அப்ப இன்னும் வாசிக்கணும்.”

அவர் கெட்ட மனிதர் அல்ல. வெளியே போகும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போகச் சொல்வார், பேருந்து கிடைத்ததா என்று விசாரிப்பார். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவரிடமிருந்து பதில் வராது.

அன்று நூலக வராந்தாவில் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்யும் என் தோழி வந்தாள். தேங்காய்ப்பட்டணத்துக்காரி. வாரத்தில் மூன்று நாள் நாங்கள் இருவரும் ஒரே பேருந்தில்தான் ஊர் திரும்புவோம். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“திருப்பித் தந்துட்டாரா மக்கா?”

தாளை நீட்டினேன். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “செரி, நீ இதுல என்னத்தச் சொல்ல வாற?” என்றாள்.

“அண்டியாபீஸ் பொம்பளைகளப் பத்தி.”

“அது தலைப்பு. அவங்களப் பத்தி என்ன சொல்லுக?”

“இருபத்திரண்டு பக்கம் சொல்லியிருக்கேன்லா!”

“ஒத்த வரியில சொல்லு, கேக்கட்டு.”

 அந்தப் பெண்களின் கஷ்டத்தைப் பற்றி என்று தொடங்கினேன். கஷ்டம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றாள். அவர்கள் வாழ்க்கை மாறியதைப் பற்றி என்றேன். எப்படி மாறிற்று என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “நீயும் அவரு மாதிரியே பேசாத, ஏட்டி. உனக்கும் ஒரு சிவப்புப் பேனா வாங்கித் தரட்டா?” என்று கத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு தனியாகவே வடசேரிப் பேருந்து நிலையத்துக்குப் போய் முன்னால் கிடந்த பேருந்தில் ஏறிவிட்டேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, கட்டுரை அவள் கையிலேயே இருந்துவிட்டது.

மூன்று நாள் கழித்து வடசேரிப் பேருந்து நிலையத்தில் அவளே என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டுரையை எடுத்து என் மடியில் வைத்தாள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தாள். அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்பது மட்டும். சில பத்திகளின் ஓரத்தில் ஒன்றும் எழுத முடியாமல் “இது எதுக்கு?” என்று போட்டிருந்தாள். முதல் ஐந்து பக்கம் முழுக்க “இது எதுக்கு?”தான்.

“எனக்க கட்டுரைய ஒரு இதழுக்கு அனுப்பி அது திரும்பி வந்தப்ப, யாரோ ஒருத்தர் ஓரத்துல இப்படித்தான் எழுதி விட்டிருந்தாவ” என்றாள். “ரெண்டு நாள் அழுதேன். பொறவுதான் கட்டுரை எங்க நொண்டுதுன்னு கண்ணுல பட்டு.”

ஓரத்து வரிகளை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் தொடர்பே இல்லை. பத்துப் பெண்கள் ஒரே நேரத்தில் பேசுவதுபோல் இருந்தது. நாலு தடவை எண்ணையும் தலைப்பையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேனே தவிர, இதை நான் பார்க்கவே இல்லை. வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அவள் பதினேழாம் பக்கத்தைத் திறந்தாள். அங்கே ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். ஐம்பத்தொன்பது வயதுப் பெண் ஒருவர், தன் வீட்டுப் பின்புறத்தில் கொட்டை உடைத்துக்கொண்டே, ‘ஆபீஸ் பூட்டின பொறவு ஒரு சோலியும் இல்ல, வீட்டுல சும்மா இருக்கேன்’ என்று என்னிடம் சொன்னதாக எழுதியிருந்தேன்.

“இது ஆரு?”

“எனக்க அம்மா.”

“இத எதுக்குப் பதினேழாம் பக்கத்துல கொண்டு ஒளிச்சு வச்சிருக்க?”

“சொந்த அம்மாவ முன்னால வச்சா ஆராய்ச்சின்னு சொல்லுவாவளா?”

“அம்மாங்கிறத விடு. கையில சுத்தியல வச்சுக்கிட்டு சும்மா இருக்கேன்னு ஒருத்தி சொல்லுதா. வேற எத்தன பேரு அப்படிச் சொன்னாவ?”

நான் என் குறிப்பேட்டை எடுத்தேன். ஒவ்வொரு பெண்ணின் பக்கத்திலும் மேலே, தொழில் என்று நான் கேட்ட கேள்விக்கு எதிரே, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தேன். சும்மா. வீட்டுல சும்மா. இப்ப சும்மாதான். ஏறத்தாழ எல்லாருமே. எல்லாருடைய வீட்டு முற்றத்திலும் கூலிக்கு உடைக்கத் தந்த கொட்டைச் சாக்கு இருந்தது. அதையும் நான் எழுதியிருந்தேன், அடுத்த பக்கத்தில், வேறொரு தலைப்பின் கீழ்.

கருங்கல் வழியாகப் போகும் எங்கள் பேருந்து வந்து, ஆள் ஏற்றி, போயும் போய்விட்டது. நாங்கள் எழுந்திருக்கவில்லை.

“அப்போ சோலி நிக்கல்ல” என்றேன் மெதுவாக. “ஆபீஸ்தான் பூட்டிச்சு. சோலி வீட்டுக்குள்ள வந்துட்டு. வீட்டுக்குள்ள வந்ததுகொண்டு அது சோலின்னு யாருக்கும் தெரியல்ல. செய்யிற அவங்களுக்கே தெரியல்ல.”

“இதத்தான் ஏட்டி நான் அன்னைக்குக் கேட்டேன்” என்றாள் அவள்.

அதன் பிறகு வேலை சுலபமாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அந்த ஒரு வாக்கியத்தை முதல் பக்கத்தில் வைத்துவிட்டு மற்ற பத்திகளை ஒவ்வொன்றாக அதன் முன்னால் நிறுத்தி, நீ இதற்கு என்ன செய்கிறாய் என்று கேட்க வேண்டியிருந்தது. முக்கடல் முதலில் போனது. கப்பலேறி வந்த முந்திரி போனது. ஒரு பழைய ஆலை முதலாளியை ஐந்து தடவை அலைந்து பிடித்து வாங்கிய பேட்டி, மூன்று பக்கம், அதுவும் போனது. அதை அடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உழைத்துச் சேர்த்தது என்பதற்காக மட்டும் ஒரு பத்தியைக் கட்டுரைக்குள் வைத்திருக்க முடியாது என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இன்னொரு சண்டையும் வந்தது. என் குறிப்பேட்டில் ஒரு பெண் மட்டும் வீட்டில் உடைப்பதுதான் நல்லது என்று அடித்துச் சொல்லியிருந்தாள். “ஆபீஸ்ல ஒண்ணுக்குப் போவணும்னாலும் கேக்கணும். இங்க நான் ஆரக் கேக்கணும்?” இதை நான் நான்கு வரைவிலும் சேர்க்கவே இல்லை. தோழி அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“இத எதுக்கு விட்ட?”

“நான் சொல்லியதுக்கு எதிரால்லா இருக்கு.”

“எதிரா இருக்கதுகொண்டுதான் வைக்கணும். நீ வைக்கல்லன்னா வாசிக்கியவன் வைப்பான்.”

வைத்தேன். வைத்துவிட்டு அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது மறுபடியும் அந்தப் பெண்ணின் பக்கத்தைப் பார்த்தேன். வீட்டு வேலையை அவ்வளவு மெச்சியவளும், தொழில் என்ன என்று கேட்டபோது “சும்மா இருக்கேன்” என்றுதான் சொல்லியிருந்தாள். மறைத்து வைத்த பெண்ணே கட்டுரைக்குப் பெரிய சாட்சியாக வந்து நின்றாள்.

வீட்டில் அம்மாவிடம், அவள் சொன்னதைக் கட்டுரையின் தொடக்கத்தில் வைத்திருக்கிறேன், பெயர் போடவில்லை என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

“நான் வீட்டுல சும்மா இருக்கேன்னு காலேஜு முழுக்கப் பறையப் போறியா?”

“இல்லம்மா, நீ சும்மா இல்லன்னுதான் எழுதியிருக்கேன்.”

“அப்ப நான் பொய் சொன்னேன்னு எழுதியிருக்கியா?”

இருபத்திரண்டு பக்கத்தைப் பதினான்காகக் குறைக்கத் தெரிந்த எனக்கு, இதை அம்மாவுக்கு விளக்கத் தெரியவில்லை. இரண்டு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், “செரி, எழுதினது எழுதினதாவே இருக்கட்டு” என்றாள்.

ஐந்தாவது வரைவை நெறியாளர் என் எதிரிலேயே வாசித்தார். முதல் பக்கம் முடிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசிப் பக்கம்வரை பேனாவை எடுக்கவில்லை. “இதுதாம்மா கட்டுரை. அமைப்பு வந்துட்டு” என்று சிரித்தார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மாறாக, பத்து மாதமாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது. “சார், மொதல்ல என்ன சொல்ல வர்றன்னு ஒரு வரியில சொல்லு, ஒவ்வொரு பத்தியும் அதுக்கு என்ன செய்யுதுன்னு பாரு. இவ்வளவுதானே சார்? இதை மொதல் தடவையே சொல்லியிருக்கலாமே?”

அவர் தாள்களைத் தட்டி அடுக்கினார். “எனக்கு என் சார் சொல்லலம்மா. ஆறு தடவை திருப்பிக் கொடுத்தாரு.”

“ஏன்னு நீங்க கேட்டீங்களா சார்?”

“அவர்கிட்டப் போய் யாரு கேக்கிறது?”

அவர்மேல் இரக்கம் வரவில்லை எனக்கு. தான் பட்டது போதாதென்று அதை அப்படியே எனக்கும் தந்திருக்கிறாரே என்று ஆத்திரம் இரட்டித்தது. சிரமப்பட்டுத்தான் அடக்கினேன். அவர் கையெழுத்துப் போட்டு, “அடுத்த இயலை ரெண்டு மாசத்துல கொடுத்திடுங்க” என்றார்.

“இல்ல சார். அடுத்த இயலுக்கு மொதல்ல ஒரே ஒரு வரி எழுதிக் கொண்டு வாறேன். அது சரியில்லன்னா ஏன் சரியில்லன்னு சொல்லுங்க. பொறவு எழுதுறேன்.”

“இதென்ன புதுப் பழக்கமா இருக்கே” என்றார். முகம் சுருங்கியது. நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வெள்ளிக்கிழமை வாங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக்கொண்டு போனேன். முதல் வரி எல்லாருக்கும் தெரிந்த செய்திதான், அதை நிறுவ ஒன்றுமில்லை என்றார். இரண்டாவதில் விஷயம் இருக்கிறது, ஆனால் அதற்குக் கடற்கரைப் பக்கம் நாலு பெண்களையாவது பார்க்க வேண்டும் என்றார். அவர் எனக்கு ஒன்றைக் காரணத்தோடு சொன்னது அதுதான் முதல் தடவை. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். படியிறங்கும்போது அந்தப் பத்து மாதத்தை நினைத்து எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை.