இரண்டாவது பிரேக்

மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நடப்பார். சலைன் தொங்கும் கம்பியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு ஜன்னல் வரை போவார், திரும்பிக் கதவு வரை வருவார். "இன்னும் ஃபர்ஸ்ட் கியர்லயே போகுதே சிஸ்டர், கொஞ்சம் மாத்திவிடுங்க" என்பார். நர்ஸ் அதட்டினால் உட்காருவார். உட்கார்ந்ததும் முழங்கால் ஆட ஆரம்பித்துவிடும்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எல்லாருக்கும் மாஸ்டர், கோபம் வந்தால் மனைவிக்கும். வலது குதிகாலில் மச்சம் போல ஒன்று வந்தது. செருப்புக் கடி என்று நாளைக் கடத்தினார். மெலனோமா, தோல் புற்றுநோய் என்றார்கள், வெட்டி எடுத்தார்கள். விட்டது தொல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது திரும்பி வந்து இப்போது தொடை இடுக்கிலும் நுரையீரலிலும் உட்கார்ந்திருக்கிறது. மூன்று மருந்துகளைச் சேர்த்து ஏற்றுகிறார்கள். போன ஸ்கேனில் கட்டி கொஞ்சம் சுருங்கியிருந்தது. அதிலிருந்து மூன்றில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

சிக்கல் அங்கேதான். அதில் ஒரு மருந்து நரம்பைத் தின்னும். பாதம் மரத்துப்போனால் அதை நிறுத்த வேண்டியிருக்கும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் மருந்துக்கு முன் கண்ணை மூடச் சொல்லி, கால்விரல்களைப் பஞ்சால் தொட்டு, எந்த விரல் என்று கேட்பார். மாஸ்டர் இமையிடுக்கில் பார்த்துப் பிசகாமல் சொல்லிவிடுவார். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்கு வந்து கேட்டால், "மூணும் சேந்துதான் அதை நெருக்குது. நீ வாயைத் திறந்து ஒண்ணைப் புடுங்கிவிட்றாத" என்பார்.

உடம்பு தேறும் நாட்களில் வகுப்பு எடுக்கப் போய்விடுவார். வீட்டில் இருந்தால் சுவர் நெருங்கி வருகிறதாம். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. நேற்று, புதிதாகச் சேர்ந்த பெண் வண்டியை எடுக்க எடுக்க அது குலுங்கிக் குலுங்கி நின்றது.

"கிளட்ச்சைப் படக்குன்னு விடாதம்மா. காலா அது, உலக்கையா?"

அவள் மறுபடி எடுத்தாள். மறுபடி நின்றது. அழப்போகிற முகத்தோடு கீழே குனிந்தவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், உங்க கால்..."

அவருடைய வலது கால் அவர் பக்கத்துப் பிரேக்கை அழுத்திக்கொண்டு கிடந்தது. கண்ணால் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. பார்த்தபடியே நகர்த்தி வைத்தார். அழுத்த வேண்டிய நேரத்தில் அது எங்கே கிடக்குமோ என்று தோன்றியது. அவளை இறங்கச் சொல்லிவிட்டு, வண்டியை அங்கேயே நிறுத்தி, வேறு ஆளை அனுப்பச் சொல்லிப் போன் செய்தார்.

இன்று டாக்டர் பஞ்சை எடுத்தார். கண்ணை மூடச் சொன்னார். மாஸ்டர் பக்கத்தில் நின்ற மனைவியின் கையைப் பிடித்து இழுத்து, தன் இரண்டு கண்களின் மேலும் அழுத்தி வைத்துக்கொண்டார்.