றம்ஸியா வெட்ட மறுத்த அத்தியாயம்

1995 ஏப்ரலில் துறைமுகத்தில் கடற்படைக் கப்பல்கள் வெடித்துச் சண்டை மறுபடி மூண்டபோது, திருகோணமலை ஜமாலியாவில் ஊரே அரிசியும் மண்ணெண்ணெயும் சேர்க்க ஓடியது. றம்ஸியா ரீச்சர் கடல் தண்ணீர் தேடி ஓடினாள். அவள் வீட்டுப் பின்வளவில், சீமெந்துத் தொட்டிக்கு ஒன்றாக மூன்று பேய்க்கணவாய்கள், அதாவது எட்டுக் கை ஒக்டோபஸ்கள், இருந்தன. தண்ணீர் மாற்றாவிட்டால் அவை இரண்டு நாள்கூடத் தாங்கா.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பது அவள் தொழில். முதுமாணிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்வது அவள் பிடிவாதம். அந்தப் பிடிவாதம் பிடித்தது இரண்டு வருடத்துக்கு முன், சல்லி என்ற மீனவ ஊரின் கரையில். கனகரத்தினம் என்ற மீனவர் தூண்டில் இரைக்காக ஒரு பேய்க்கணவாயின் கையொன்றை வெட்டிப் போட்டிருந்தார். உடலை விட்டுப் பிரிந்த கை மணலில் நெளிந்து போய் ஒரு நண்டோட்டைத் தடவியது, இறுகப் பற்றியது. பக்கத்தில் கிடந்த கல்லையும் தடவியது, ஆனால் பற்றவில்லை.

"கல்லு வேண்டாமெண்டு ஆர் முடிவெடுத்த அண்ணன்?" என்று றம்ஸியா கேட்டாள்.

"ஆரா? அது வெறுங் கை, ரீச்சர். தலை இஞ்சயெல்லோ கிடக்கு."

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

இரண்டு வருடம் அந்தக் கேள்வியோடு திரிந்தாள். அறிவு மண்டைக்குள் மட்டும் அடைபட்டுக் கிடப்பதாக ஏன் நினைக்க வேண்டும்? சூடு எல்லாப் பொருளிலும் கூடியும் குறைந்தும் இருப்பதுபோல உணர்வும் இருக்கலாமே. பிரபஞ்சம் முழுவதும் உணர்வற்றுக் கிடக்க, மனிதத் தலைக்குள் மட்டும் அது திடீரென்று எங்கிருந்து வந்தது? இதையெல்லாம் ஆய்வேட்டின் ஆறாம் அத்தியாயமாக எழுதி வைத்தாள்.

கடற்கரைக்குப் போகத் தடை வந்த பிறகு, குறித்த மணிநேரம் தொழிலுக்குப் போகக் கனகரத்தினத்திடம் மட்டும் பாஸ் இருந்தது. அவர் தோணியிலிருந்து இரண்டு கலன்களில் தண்ணீர் அள்ளிக் கொடுப்பார். அவள் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவாள். வழியில் சோதனைச்சாவடி. பெற்றோலா, வெடிமருந்தா என்று முதல் நாளே மறித்தார்கள். றம்ஸியா மூடியைத் திறந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

"உப்புத் தண்ணி. நீங்களும் குடிச்சுப் பாருங்க."

சிப்பாய் குடிக்கவில்லை. மறுநாள் வேறொருவன் நின்றான். அவனுக்கும் குடித்துக் காட்டினாள். ஒரு மாதம் இப்படியே போயிற்று. வயிறு கெட்டுப்போய்க் கிடந்த நாளிலும் போனாள்.

ஜூலையில் அவள் பையிலிருந்த கொப்பிகளைப் பிடித்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் கட்டங்கள், அம்புக்குறிகள், நேரங்கள். துறைமுகத்தின் வரைபடம் என்று சந்தேகித்து முகாமுக்குக் கொண்டுபோய்ப் பின்னேரம் வரை ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். விசாரித்த அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"இந்த அம்பு என்ன?"

"பேய்க்கணவாய் தொட்டிக்குள்ள போற வழி. அது யோசிக்குதா எண்டு பாக்கிறன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "சண்டை நடக்கிற நேரத்தில் இது தேவையா?"

"சண்டை முடியுமட்டும் அது யோசிக்காம இருக்குமா சேர்?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போகச் சொன்னார், ஆனால் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டார். றம்ஸியா எழும்பவில்லை. "அப்ப கொப்பியை எடுத்ததெண்டு துண்டொண்டு எழுதித் தாங்க" என்றாள். அவர் எழுதித் தந்தார். அதைக் கொண்டு ஒவ்வொரு திங்கட்கிழமையும் முகாம் வாசலில் போய் நின்றாள். ஏழாவது திங்கள் கொப்பி கைக்கு வந்தது.

அடுத்த அடி பல்கலைக்கழகத்திலிருந்து விழுந்தது. ஆறாம் அத்தியாயத்தை முழுதாக நீக்கச் சொல்லி, அவள் ஆய்வை மேற்பார்த்த பேராசிரியர் கடிதம் எழுதியிருந்தார். பத்துச் சோதனைச்சாவடியில் இறங்கி ஏறி, பகல் முழுக்க பஸ்ஸில் போய் அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"உங்கட தரவு தங்கம், பிள்ளை. ஆனா கைக்கு உணர்வு, பிறகு பிரபஞ்சத்துக்கே உணர்வு எண்டு எழுதினா ஆர் ஏற்பினம்? இது சமயம்."

"நிரூபிச்சிட்டன் எண்டு நான் எழுதல்லையே சேர். பிழையெண்டு காட்ட என்ன செய்யவேணும் எண்டும் எழுதியிருக்கன்."

"அப்ப அதைச் செய்து பாருங்கோ."

"செய்யிறன். ஆனா அத்தியாயத்தை வெட்ட மாட்டன்."

ஒரு பலகையில் ஒரு கை மட்டும் நுழையும் துளை போட்டாள். துளைக்கு அப்பால் சொரசொரப்பான தட்டில் நண்டிறைச்சி, வழுவழுப்பான தட்டில் ஒன்றுமில்லை. ஒரே கையைப் பல நாள் பழக்கி, பிறகு வேறொரு கையை நுழைய விடுவாள். பழகிய கைக்கு மட்டும் விடை தெரிந்து, பழகாத கை தடுமாறினால் கை தானே கற்கிறது என்பாள். பழகாத கைக்கும் உடனே தெரிந்தால் அவள் கருத்து விழுந்துவிடும். பேய்க்கணவாய்க்கு ஆயுள் ஒன்றரை வருடம்தான். பழக்கியது செத்தால் புதிதாகப் பிடித்து, முதலிலிருந்து தொடங்கவேண்டும். அவளோடு இருந்த மூத்த சகோதரி பல்கீஸ் ராத்தாதான் நேரம் குறித்தாள். ஷெல் சத்தம் கேட்ட நாட்களில் பேய்க்கணவாய்கள் தொட்டி மூலையில் ஒட்டிக்கொண்டு கை நீட்டா. அந்த நாட்களையும் குறித்தார்கள்.

1997இல் முடிவு தெரிந்தது. பதினொரு பேய்க்கணவாய்களில் எட்டினுடைய பழகாத கையும் நேரே சொரசொரப்பான தட்டுக்கே போயிற்று. கைகளுக்கிடையே செய்தி போகிறது. தலை எல்லாவற்றையும் அறிகிறது.

றம்ஸியா அன்று சோறு தின்னவில்லை. பல்கீஸ் சோற்றுக் கோப்பையை முன்னால் நகர்த்தி, "ஆருக்குத் தெரியப்போகுது? தடுமாறின மூண்டைப் பற்றி மட்டும் எழுதன்" என்றாள்.

"எனக்குத் தெரியும் ராத்தா."

எட்டையும் எழுதினாள். 'என் கருத்தின் பெரும்பகுதி இங்கே விழுந்தது' என்று தொடங்கினாள். மீதி மூன்று ஏன் தடுமாறின என்பதற்கு நான்கு காரணங்கள் எழுதி, அவற்றில் மூன்று தனக்குப் பாதகமானவை என்றும் சேர்த்தாள்.

பேராசிரியர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இப்பவாவது வெட்டலாம்தானே?"

"இப்பதான் சேர் அது விஞ்ஞானமாகியிருக்கு."

அவர் பேனையை எடுத்து ஆய்வேட்டில் கையெழுத்திட்டார்.

பரீட்சகர்கள் இருவர். ஒருவர் ஆறாம் அத்தியாயம் இருக்கும்வரை பட்டம் கொடுக்க ஏலாது என்று எழுதினார். மற்றவர், தான் இரண்டு முறை வாசித்தது அந்த அத்தியாயத்தை மட்டும்தான் என்று எழுதினார். இழுபறி பதினான்கு மாதம் நீண்டது. இந்த இடைவெளியில் அத்தியாயத்தைப் பின்னிணைப்பாக்கினால் போதும் என்று அலுவலகத்திலிருந்து சமாதானக் கடிதம் வந்தது. அதற்கும் அவள் மாட்டேன் என்றே பதில் போட்டாள். கடைசியில் மூன்றாவது பரீட்சகர் ஒருவரை நியமித்து, ஒரு எழுத்தும் மாறாமல் பட்டம் கொடுத்தார்கள்.

பட்டம் கிடைத்த கையோடு கொழும்பில் வேலையும் வந்தது. நல்ல சம்பளம், குண்டுச் சத்தம் குறைந்த ஊர். போ என்று பல்கீஸ் கெஞ்சினாள். வேலை கொடுப்பவர்கள் எழுதிய கடிதத்தின் கீழே, ஆராய்ச்சி இறால் வளர்ப்பு பற்றி மட்டும் என்றிருந்தது. றம்ஸியா நன்றி சொல்லி மறுத்தாள். அந்த மூன்று பேய்க்கணவாய்களின் தடுமாற்றத்துக்கு இன்னும் அவளிடம் விடை இல்லை. மறுநாள் காலையில் உயர்தர வகுப்புக்குப் போய், ஒரு பிள்ளையின் கேள்விக்கு "இதுக்கு விடை எனக்கும் தெரியா, கேள்வியை எழுதிக்கொள்ளுங்க" என்றாள்.