ஏகாதசியன்று விட்ட மாத்திரை

வலது கண்ணைத் திருப்பினால் வலித்தது. உறுத்தலோ நீர் வடிதலோ இல்லை. கண்ணுக்குப் பின்னால் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி ஒரு வலி. ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸுக்கு நின்றால் இரண்டு பஸ் வந்தது. பள்ளிக்கூடத்தில் நான் கரும்பலகையில் போட்ட கணக்கே இரட்டையாகத் தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாரம் பாடம் நடத்தினேன். மடத்தனம்தான்.

பத்தாம் நாள் கண் பிதுங்கி நின்றது. முதலில் பார்த்த டாக்டர், உள்ளே கட்டி இருக்கும், கண்ணையே எடுக்க வேண்டி வரலாம் என்றார். எனக்கு முப்பத்திரண்டு வயது. பெருமாளே, கண்ணை விட்டுவை, ஏகாதசிதோறும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

என் கணவர் புத்தூரில் வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் விரலை நாலு பக்கமும் நகர்த்தி, கண்ணால் பின்தொடரச் சொன்னார்.

"கண்ணை அசைக்கிற தசை வீங்கியிருக்குன்னு நினைக்கிறேங்க. ஸ்டீராய்டு தரேன். அஞ்சு நாள்ல குறைஞ்சா கட்டி இல்லை. வெறும் வயித்துல மட்டும் போடாதீங்கம்மா."

ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மாத்திரை) எனக்குப் புதுசு. மூன்றாம் நாளே வலி விட்டது. இரண்டு வாரத்தில் ஏகாதசி வந்தது. பட்டினி கிடந்தேன், வெறும் வயிறு, அதனால் மாத்திரை போடவில்லை. ஒன்றும் ஆகவில்லை. பெருமாள் குணப்படுத்திவிட்டார் என்று நம்பி மறுநாளும் போடவில்லை, அதற்கடுத்த நாளும்.

ஐந்தாம் நாள் கண் முன்னைவிடப் பிதுங்கியது. வலியில் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன்.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" என்றார் டாக்டர்.

"ஏகாதசி. வெறும் வயித்துல போடாதேன்னு நீங்கதானே சொன்னேள்?"

அவர் தான் எழுதின பழைய சீட்டை எடுத்துப் பார்த்தார். "விரதம் உண்டான்னு நான் கேட்டிருக்கணும். இதைப் படிப்படியாத்தான் குறைக்கணும்மா, திடீர்னு நிறுத்தக் கூடாது. மறுபடி ஆரம்பிப்போம், ஆனா இந்தத் தடவை கேக்குமான்னு என்னால சொல்ல முடியலை."

உங்களுக்கும் இந்த மாத்திரை எழுதித் தந்தால், உங்கள் விரதங்களை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த ஏகாதசியன்று, தான் பட்டினி இருந்துகொண்டு என் கணவர் சாதம் வடித்தார். இலை போட்டுப் பரிமாறினார்.

"ஏன்னா, வேண்டிண்டிருக்கேனே" என்றேன்.

"கண் போயிட்டா எதைக் கொண்டு பெருமாளைச் சேவிப்பே? சாப்பிடு."

அழுதுகொண்டே சாப்பிட்டேன். விரதத்தை முறித்தது பாவம் என்றுதான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

வீக்கம் மெல்ல வடிகிறது. பக்கவாட்டில் பார்த்தால் இன்னும் எல்லாம் இரண்டுதான். மாத்திரையால் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதிவிட்டது. வலி இல்லாத நாளைத்தான் இப்போது அதிகம் பயந்து கழிக்கிறேன்; அப்படி ஒரு நாளில்தானே மாத்திரையை விட்டேன். எனக்கு ஏகாதசியும் இல்லை, துவாதசியும் இல்லை. காலை மாத்திரையிலிருந்து ராத்திரி மாத்திரை வரைக்கும் ஒரு நாள், அவ்வளவுதான்.