ஆர்னே வீட்டுக் கோப்பி

என்ரை மனுசன் பிலேந்திரனுக்கு நோர்வேயிலை எதிலை குறையில்லை எண்டு கேளுங்கோ, நான் சொல்லுறன்: தண்ணி. குழாய்த் தண்ணியை மட்டும் இந்த மனுசன் இண்டைவரைக்கும் ஒண்டும் சொன்னதில்லை. மற்ற எல்லாத்துக்கும் முறைப்பாடுதான்.

ட்வெய்ட்டாவிலை எங்கடை வீடு எட்டாம் மாடி. காலமை லிஃப்டுக்குள்ளை ஐஞ்சு பேர் நிப்பினம். ஐஞ்சு பேரும் தங்கடை சப்பாத்தைத்தான் பாத்துக்கொண்டு நிப்பினம். "ஒரு வணக்கம் சொன்னா இவைக்குப் பல்லுக் கொட்டுண்டு போடுமே?" எண்டு என்னட்டை வந்து கேப்பார். பஸ்ஸிலை இவருக்குப் பக்கத்து சீற் காலியாக் கிடக்க, சனம் நிண்டுகொண்டு வருமாம். ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பால் முடிஞ்சா கடை பூட்டு. வேலையிலை மத்தியானச் சாப்பாடு காலமை பதினொரு மணிக்கு. எல்லாத்திலையும் பெரிய கோவம் கதவிலை இருக்கிற அந்தச் சின்னக் கண்ணாடி ஓட்டையிலைதான். முன்வீட்டு மனுசி வெளிக்கிட முதல் அதுக்குள்ளாலை பாப்பாவாம். நடையிலை நாங்கள் நிண்டா, நாங்கள் போகுமட்டும் உள்ளுக்கே நிப்பாவாம். "ஏனப்பா, நாங்கள் என்ன கடிக்கிற நாயே?"

நான் வாய் திறக்கமாட்டன். திறந்தா இன்னும் அரைமணித்தியாலம் கூடும்.

ஆனா இத்தனை முறைப்பாட்டிலையும் ஒண்டுதான் அந்த மனுசனுக்கு உண்மையா நொந்தது. அது கோப்பி.

இவருக்கு ஒரு பள்ளிக்கூடத்திலை பராமரிப்பு வேலை. பூட்டு மாத்திறது, பல்ப் போடுறது, பனி வழிக்கிறது எல்லாம் இவரும் ஆர்னேயும்தான். இருவத்திநாலு வருசமா ஒரே மேசையிலைதான் சாப்பாடு. ஆர்னே பாண் துண்டிலை மண்ணிறச் சீஸை வைச்சுக் கடதாசியிலை சுத்திக் கொண்டுவருவான். இவர் நான் கட்டிவிடுற புட்டைத் திறப்பார். ஆளையாள் பாத்துப் பரிதாபப்படுவினமாம். இவர் ஏணியாலை விழுந்து கால் முறிஞ்சநேரம் தூக்கிக்கொண்டு ஓடினதும் ஆர்னேதான். மன்னாருக்கு ரெலிபோன் எடுத்தா, "என்ரை கூட்டாளி ஆர்னே" எண்டுதான் கதையே தொடங்கும்.

அந்தக் கூட்டாளி ஒவ்வொரு கோடை லீவுக்கு முதலும் ஒண்டு சொல்லுவான்: "நாங்கள் ஒரு நாளைக்குக் கோப்பி குடிக்கோணும்." இவரும் ஓம் ஓம் எண்டு வீட்டை வந்து, நல்ல சேட் ஒண்டை அயண் பண்ணிக் கொழுவிப்போட்டுக் காத்திருப்பார். அந்த ஒரு நாள் வாறேல்லை.

இந்த ஏப்ரலிலை ஆர்னே பென்சன் எடுத்தான். வீட்டை வித்துப்போட்டு, அடுத்த கிழமையே பேர்கனிலை இருக்கிற மகளிட்டைப் போறானாம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலை கேக் வெட்டினவை. அங்கையும் அதே கோப்பிக் கதை. இந்தமுறை இவர் விடேல்லை. "எப்ப?" எண்டு கேட்டிருக்கிறார். ஆர்னே சிரிச்சுப்போட்டு, "ஒரு நாளைக்கு" எண்டானாம்.

வீட்டை வந்த மனுசன் சப்பாத்தும் கழட்டாமல் கதிரையிலை இருந்தார்.

"இருவத்திநாலு வருசம். நான் அவனுக்கு ஆர், சொல்லும் பாப்பம்?"

இந்த வாயிலை முறைப்பாடு கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். இப்பிடி ஒரு கேள்வி வந்தது எனக்கு என்னவோ செய்துபோட்டுது.

அடுத்தநாள் சனிக்கிழமை. "வெளிக்கிடும். ஸ்ட்ரோம்மனுக்கு, ஆர்னே வீட்டை போறம்" எண்டார்.

"சொல்லாமலோ?"

"எங்கடை சனம் சொல்லிப்போட்டே வருது? வாசலிலை வந்து நிண்டா ஆரும் போ எண்டு சொல்லுவினமே?"

அவனும் மனுசியும் ரெண்டே பேர் இருக்கிற வீடு. நாப்பது மீன் றோல்ஸ் பொரிச்சன். அதுக்குக் குறையக் கொண்டுபோறது மரியாதையில்லை. ஆர்னே அனுப்பின பழைய கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டையிலை விலாசம் இருந்தது.

மணியை அடிச்சம். கண்ணாடி ஓட்டை இருண்டுது. காலடிச் சத்தம் உள்ளுக்குப் போய், திரும்பி வந்துது. கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்துது. கம்பளி உள்ளுடுப்போடை ஆர்னே, முகம் வெளிறிப்போய் நிக்கிறான்.

"ஆர் செத்தது?" எண்டான்.

"ஒருத்தரும் இல்லை. கோப்பி குடிக்க வந்தனாங்கள்."

"இண்டைக்கோ?"

வீடு முழுக்கப் பெட்டியாம். கோப்பி மெசினையும் கட்டிப்போட்டினமாம். இன்னொரு நாளைக்காம். றோல்ஸ் டப்பாவை வாங்கிக்கொண்டு மூண்டு தரம் நன்றி சொன்னான். பிறகு கதவு பூட்டுப்பட்டுது.

திரும்பி வரேக்கை றெயினிலை இவர் யன்னலோரமா இருந்தார். பக்கத்து சீற் வழமைபோலக் காலி. தன்ரை தொப்பியைக் கழட்டித் தானே அதிலை வைச்சார். முன்னுக்கு இருந்து அந்தத் தொப்பியைப் பாக்க எனக்கு அழுகை வந்திட்டுது. ஆர்னேயை மனசுக்குள்ளை நல்லாத் திட்டினன். மாதாவே, மன்னிச்சுக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை பூசையாலை வந்து, சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுப்போட்டு, சாரத்தோடை சோபாவிலை சரிஞ்சு கிடந்தார். கதவு மணி அடிச்சுது. மனுசன் உடனை ரீவியின்ரை சத்தத்தை நிப்பாட்டினார்.

"உஷ்! அசையாதையும்," எண்டு என்னைப் பாத்துக் கையைக் காட்டினார். "ஞாயிற்றுக்கிழமை ஆரப்பா இது? ஒரு ரெலிபோன் எடுத்துப்போட்டு வரத் தெரியாதே இந்தச் சனத்துக்கு?"

கால் நுனியிலை நடந்துபோய் ஓட்டையிலை கண்ணை வைச்சார். ரெண்டடி பின்னுக்கு வந்தார். சாரத்தை இறுக்கிக் கட்டினார். பிறகு போய்க் கதவை நாலு விரல் அகலத்துக்குத் திறந்தார்.

"ஆர் செத்தது?" எண்டார். சத்தியமா! என்ரை காதாலை கேட்டனான்.

"ஒருத்தரும் இல்லை. கோப்பி," எண்டான் ஆர்னே. ஒரு கையிலை எங்கடை டப்பா, கழுவித் துடைச்சு. மற்றக் கையிலை சுடுதண்ணிப் போத்தல். காது ரெண்டும் சிவந்துபோய் நிண்டான், பாவம். எங்கடை வீட்டுக்குத் தன்ரை கோப்பியையே கொண்டுவந்து, எங்களுக்கே ஊத்தித் தந்தான். நாப்பது றோல்ஸும் முடிஞ்சுதாம். உறைப்பிலை மனுசி அழுது அழுது சாப்பிட்டவவாம்.

பிறகுதான் சொன்னான். அவன்ரை வீட்டு மணியை இப்பிடிச் சொல்லாமல் அடிச்சது இதுக்கு முதல் ஒருக்காத்தானாம். படகு கவிண்டு தமையன் செத்ததைச் சொல்ல, அவையின்ரை கோயில் பாதிரியார் வந்தவராம். நேற்று எங்களைக் கண்டோடனை நெஞ்சு பக்கெண்டு போச்சாம். நாங்கள் போனாப்பிறகு இரவு முழுக்க நித்திரையில்லையாம்.

இவர் கோப்பையைக் கீழை வைச்சார். "உனக்கு ஒரு தமையன் இருந்தவரே?"

இருவத்திநாலு வருசம் பக்கத்திலை இருந்து சாப்பிட்டவர் ஒருநாளும் கேக்கேல்லை. முறைப்பாடு சொல்லவே நேரம் காணேல்லை. அண்டைக்கு நாலு மணி மட்டும் தமையன்ரை கதைதான் கதைச்சவை.

வெளிக்கிடேக்கை ஆர்னே சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு, "நாங்கள் ஒரு நாளைக்கு..." எண்டு தொடங்கினான். இவர் அவன்ரை முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டார். ஆர்னே தானா நிப்பாட்டிப்போட்டு, போனை எடுத்துத் தடவினான்.

"யூலை பன்னிரண்டு. ரெண்டு மணி. பேர்கன். படுக்க அறை இருக்கு."

கதவு பூட்டின கையோடை மனுசன் தொடங்கிட்டார். "ஒரு கோப்பிக்கு மூண்டு மாசம் காத்திருக்கோணும்! ஏழு மணித்தியாலம் றெயினிலை குந்தியிருக்கோணும்! என்ன விசர்ச் சனமப்பா இது!" கத்திக்கொண்டே போய் அலுமாரியைத் திறந்தார். அந்த நல்ல சேட்டை எடுத்து மேசையிலை விரிச்சார். ஏப்ரல் மாசத்திலை நிண்டுகொண்டு யூலைக்கு அயண் பண்ணுறார்.