அடக்கமாக எரிகிற அடுப்பு

விறகு பற்றிச் சுடர் எழுந்ததும் அத்தானின் கை தானாகக் கீழே போகிறது. வீட்டைச் சூடாக்கும் கணப்படுப்பின் கண்ணாடிக் கதவுக்கு அடியில் ஒரு கைப்பிடி இருக்கிறது. இடது பக்கம் தள்ளினால் காற்று உள்ளே போகும்; வலது பக்கம் தள்ளினால் நின்றுவிடும். அவர் வலது பக்கம் தள்ளுகிறார். இன்னும் கொஞ்சம் தள்ளுகிறார். இனி நகராது என்று தெரிந்த பிறகும் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டி உறுதி செய்துகொள்கிறார். மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்த தீ சோம்பிப்போய்ச் சிவந்து, புகையத் தொடங்குகிறது.

"பாத்தியா மாப்ளே, எவ்வளவு அடக்கமா எரியுது!"

எரியவில்லை, புகைகிறது. இதை நான் அவரிடம் சொல்லாத நாளில்லை. சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அவர் என் அக்காவின் கணவர். கீழ்வீட்டில் அவர்கள், மாடியில் நான். தண்ணீர் வாரியத்தில் தலை நரைக்கும்வரை குழாய் வேலை பார்த்தவர். திறந்திருப்பது எதுவானாலும் அது ஒழுகிக்கொண்டிருக்கிறது என்பது அவருடைய கொள்கை. வேலை செய்த இடத்தில் அவருக்கு 'வால்வு' என்று பெயர். ஓட்டலுக்குப் போனால் சாப்பாடு வருவதற்குள் கை கழுவுமிடத்துக்கு இரண்டு தரம் எழுந்து போய் எல்லாக் குழாயையும் இறுக்கிவிட்டு வருவார். பேத்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நாங்கள் எல்லோரும் தொட்டிலைச் சுற்றி நின்றோம். இவர் அறை மூலையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "புள்ள தூங்குற ரூம்ல சொட்டுச் சத்தம் கேக்கலாமா?" என்று நர்ஸிடம் சண்டை வேறு.

"நான் வாயைத் திறந்தாலே ஒழுகுதுன்னு மூடிடுவாரு" என்பாள் அக்கா.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு விறகு அடுக்குகள். ஒன்று கொட்டகைக்குள், செங்கல் மேல் தரையில் படாமல் அடுக்கி, மேலே தார்ப்பாய் போர்த்தியது. போன கோடைக்கும் முன்னால் பிளந்து போட்டது. இரண்டு கட்டையை எடுத்துத் தட்டினால் டக்கென்று சத்தம் வரும். மற்றது வெளியே மழையில் நனைந்துகொண்டு கிடப்பது. தட்டினால் மொத்தென்று தலையணையை அடித்த மாதிரி இருக்கும். அவர் எரிப்பது எதை என்று நான் சொல்லவும் வேண்டுமா? அடுப்பில் போட்டதும் கட்டையின் இரு முனையிலும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு சீறும்.

"ஈர விறகு மெதுவா எரியும். ரொம்ப நேரம் வரும்."

"நீங்க விறகை எரிக்கல அத்தான், வேக வைக்கிறீங்க."

காதில் வாங்கினால்தானே. காய்ந்த அடுக்கின் பக்கம் நான் போனால் மட்டும் குரல் மாறிவிடும். "அதைத் தொடாத. அது பாப்பா விறகு."

பேத்தி வரும்போது எரிப்பதற்காகச் சேர்த்து வைத்தது. பேத்தியோ வருவதாக இல்லை. போன தடவை அவர் மகள் குழந்தையோடு வந்தபோது, வீடு முழுக்கப் புகை மண்டிக் குழந்தை இருமி இருமிச் சிவந்துபோனது. சுவரில் இருந்த புகை எச்சரிக்கை மணி அலறியது. இந்த மனிதர் நாற்காலி மேல் ஏறி மணியின் பேட்டரியைக் கழற்றினார். "கத்திக் கத்திப் புள்ளைய பயமுறுத்துது!" மகள் அன்று மாலையே பையைக் கட்டினாள். வாசலில் நின்று தெளிவாகச் சொன்னாள்: "அப்பா, அந்த அடுப்பை ஒழுங்கா எரிய வைங்க. இல்லேன்னா புள்ளைய இங்க தூக்கிட்டு வரவே மாட்டேன்."

அத்தான் அதை எங்களுக்கு மொழிபெயர்த்தார்: "குளிர் கொஞ்சம் குறையட்டும்னு சொல்றா."

அவள் வராததால் பாப்பா விறகைத் தொட முடியாது. அதைத் தொடாததால் ஈர விறகு, ஈர விறகால் புகை, புகையால் அவள் வரமாட்டாள். இந்தச் சக்கரத்தில் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அக்கா இருமிக்கொண்டே சன்னலைத் திறப்பாள். "சூடெல்லாம் ஒழுகுது" என்று அவர் மூடுவார். நான் மணிக்குப் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டேன். மறுநாள் அது சுவர்க் கடிகாரத்துக்குள் இருந்தது. "கடிகாரமாவது ஓடட்டுமே மாப்ளே" என்றார். தலையில் அடித்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

ஒருநாள் அக்கா பொறுமை இழந்து கத்தியேவிட்டாள். "அடக்கமா எரியுது, அடக்கமா எரியுதுன்னு சொல்லிச் சொல்லி ஒருநாள் எங்களையும் சேர்த்து அடக்கம் பண்ணிடப்போறீங்க!" எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவள் சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது புகையால் மட்டும் இல்லை. அன்றுதான் அவரைக் கேட்காமல் புகைபோக்கி சுத்தம் செய்கிற பெண்ணை வரச் சொன்னேன்.

அவள் நீளமான கம்புகளும் பிரஷ்ஷுமாக வந்து, தரையில் துணி விரித்து, குழாய்க்குள் பிரஷ்ஷை ஏற்றினாள். பொடிக்கரி விழும் என்று எதிர்பார்த்தோம். விழுந்தது தார் மாதிரி பளபளக்கும் கறுப்புச் சில்லுகள், வாளி நிறைய.

"அடுப்புன்னா கரி வரத்தானே செய்யும்?" என்று அத்தான் ஆரம்பித்தார்.

"இது கரி இல்லீங்க. புகை குழாய்க்குள்ளயே குளுந்து படிஞ்சது. இது பத்திக்கிச்சுன்னா மாடி வரைக்கும் எரியும்." அவ்வளவுதான் சொன்னாள், டார்ச்சை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கம்பை எடுக்க வெளியே போனாள்.

அத்தான் முட்டி போட்டு, தலையை அடுப்புக்குள் நுழைத்துச் சாய்த்து, கன்னம் அதன் அடியில் படும்படி குழாய்க்குள் பார்த்தார். வெகுநேரம் அப்படியே கிடந்தார்.

"அடைச்சிருக்கு" என்றார். பிறகு, நம்ப முடியாதவர் மாதிரி மறுபடியும், "குழாய் அடைச்சிருக்கு. என் வீட்டுக் குழாய்."

எத்தனை வீடுகளில், எண்ணெய் ஊற்றி அடைத்துக்கொண்ட எத்தனை சிங்க்குகளுக்கு முன்னால் இந்த மனிதர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திட்டியிருக்கிறார்! "உள்ள போறது போகணும், வெளிய வர்றது வரணும், அதுதான்யா குழாய்!" அந்த வசனம் எனக்கு மனப்பாடம். அதை அவருக்கே திருப்பிச் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"உள்ள போறதை நீங்களே மூடிட்டா, வெளிய போறது எப்படிங்க ஒழுங்கா போகும்?"

அவர் தலையை வெளியே எடுத்தார். கன்னம், நெற்றி எல்லாம் கரி. திரும்பி வந்த பெண்ணிடம் தொழில்காரர் தொழில்காரரிடம் கேட்கிற குரலில், "எவ்வளவு திறந்து வைக்கணும்?" என்றார்.

"பத்த வைக்கும்போது முழுசா திறந்துடுங்க. நல்லா பிடிச்சதும் கொஞ்சம் குறைச்சுக்கலாம். சுடர் ஆடிக்கிட்டே இருக்கணும். ஆட்டம் நின்னா திறங்க. காஞ்ச விறகு மட்டும்தான்."

இதன்பிறகு நிம்மதி என்று நினைத்தீர்களா? மறுநாள் காலை மாடி ஏறி வந்து என் கதவைத் தட்டினார். "மாப்ளே, ஈர விறகை எரிக்கிறது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் தெரியுமா?" நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பாட்டுக்கு அரைமணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தார். சாம்பலை அட்டைப்பெட்டியில் கொட்டக் கூடாதாம். மூடி போட்ட இரும்பு வாளியில்தான் கொட்ட வேண்டுமாம். அட்டைப்பெட்டியில் இத்தனை நாள் கொட்டியது யார் என்று கேட்டால் நான்தான் பொல்லாதவன் ஆவேன். பேட்டரி மணிக்குத் திரும்பியது. கடிகாரம் நின்றுபோனது, இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

போன ஞாயிறு மகள் வந்தாள். குழந்தையின் கம்பளித் தொப்பியைக்கூடக் கழற்றாமல், அடுப்பிலிருந்து தள்ளி, கதவோரமாக உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சி ஒருதரம் காற்றை முகர்ந்தாள். அத்தான் பாப்பா விறகைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே சுள்ளி வைத்து, கைப்பிடியை இடது கோடிக்குத் தள்ளிப் பற்ற வைத்தார். தீ பிடித்ததும் பாதிக்குக் கொண்டுவந்தார். கண்ணாடிக்குப் பின்னால் சுடர் தகதகவென்று ஆடியது. புகை இல்லை. மணி கத்தவில்லை. மகள் மெல்ல நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, குழந்தையின் தொப்பியைக் கழற்றினாள். குழந்தை வாயைப் பிளந்துகொண்டு தீயைப் பார்த்தது.

எவ்வளவோ நாளாகச் சேர்த்த விறகு, கட்டை கட்டையாக எங்கள் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. அத்தானின் வலது கை மடியிலிருந்து இறங்கியது. முழங்காலைத் தாண்டி, கைப்பிடியை நோக்கிப் போயிற்று. அக்கா பார்த்தாள், நானும் பார்த்தேன். பாதி வழியில் கை நின்றது. அவர் அதைத் திரும்ப எடுத்து, தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.