காதிரைச்சலுக்கு நான் போட்ட புள்ளி

இந்த நாட்டில் நோய் வருத்தத்துக்கும் புள்ளி போட வேண்டும். பூச்சியத்துக்கும் பத்துக்கும் இடையில் ஓர் இலக்கத்தைச் சொல்லும்வரை எவரும் உங்களைத் தொடமாட்டார்கள். மகளோடு கனடாவில் குடியேறி ஆறு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. புத்தளத்தில் டாக்டர் "என்ன செய்யிது?" என்று கேட்பார், நாம் பாதி சொல்வதற்குள் மருந்துத் துண்டை எழுதி முடித்திருப்பார்.

என் இடது காதில் இரண்டு வருடமாக இரைச்சல். உப்பளத்துத் தண்ணீர்ப் பம்பை யாரோ நிறுத்த மறந்து போய்விட்டதைப் போல ஒரே சத்தம். குடும்ப வைத்தியரும் காது சோதித்த பெண்ணும் ஒழுங்காகப் பார்த்துவிட்டு ஒன்றையே சொன்னார்கள்: வயதோடு காது கேட்பது குறைந்திருக்கிறது, இரைச்சல் அதனோடு வந்தது, கருவி போட்டால் சற்று மட்டுப்படும். நேர்மையான பதில். ஆகவே மகளுக்குப் பிடிக்கவில்லை. கூட வேலை செய்யும் ஒருத்தி சொன்னாளென்று என்னைக் கைரோபிராக்டரிடம் கூட்டிப்போனாள். முள்ளந்தண்டை நெரித்து நோய் தீர்ப்பவருக்கு இங்கே அப்படிப் பெயர்.

டைலர் என்ற அந்த மனிதருக்கு என் சேவைக்காலத்தைவிட வயது குறைவு. என் கழுத்தைத் தடவி, மேல் எலும்பு விலகியிருப்பதால்தான் காது இரைகிறது என்றார். காதைப் பார்க்கவில்லையே என்று கேட்டேன். தாங்கள் மூலகாரணத்தைப் பார்ப்பவர்கள் என்றார். முப்பத்து மூன்று வருடம் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் காணிப் பிரிவில் இருந்தவன் நான். காணியைப் பார்க்காமல் காணி அறிக்கை எழுதிய உத்தியோகத்தர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள்கூட ஜீப்பில் ஒருமுறை அந்தப் பக்கம் போய் இளநீராவது குடித்துவிட்டு வருவார்கள். சம்மதப் படிவத்தை முழுவதும் வாசித்தேன். நான்காம் பக்கத்தில், கழுத்தைத் திருப்புவதால் அரிதாகப் பக்கவாதம் வரலாம் என்று எறும்பளவு எழுத்தில் இருந்தது. "இதை யாரும் வாசிப்பதில்லை" என்று சிரித்தார். "அப்படியானால் எழுதியது யாருக்கு?" என்றேன். நல்ல கேள்வி என்றார். இங்கே நல்ல கேள்வி என்றால் பதில் இல்லை என்று அர்த்தம்.

காய்ந்த பனையோலையை மிதித்த மாதிரி என் கழுத்தில் ஒரு சத்தம் கேட்டது. பம்பு நிற்கவில்லை. வரும்போது ஏழு சொல்லியிருந்தேன். இப்போது எத்தனை என்று கேட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி ஆசையோடு என் முகத்தைப் பார்த்தார். விருந்துக்கு அழைத்தவர் கறி எப்படி என்று கேட்கும்போது உப்பில்லை என்று சொல்பவன் எந்த வீட்டில் வளர்ந்தவன்? "ஆறு" என்றேன். அடுத்த கிழமை ஐந்து. இரண்டு மாதத்தில் அவருடைய முயற்சிக்கு மரியாதையாக இரண்டுவரை இறங்கிவிட்டேன். அவர் அதை வரைபடமாகக் கீறிச் சுவரில் ஒட்டினார். மகள் படமெடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டாள். பொய் அறிக்கை தந்தவர்களிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியே தலை நரைத்தவன், வாய் திறக்காமல் இருந்தேன்.

நோன்புக்கு முன்னர் ஒரு காலை புத்தளத்துப் பக்கம் கண்டக்குழியிலிருந்து தங்கையின் கணவர் ரஸீன் போன் எடுத்தார். கடலட்டை பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடுகிறவர்.

"மச்சான், முந்தாநாள் கடல்லேருந்து ஏறினதோட வலது காது அடச்சுப் போச்சு. ஒரே இரைச்சல். ஒங்கட கதையக் கூட மத்தக் காதாலதான் கேக்கிறன்."

"ஆசுபத்திரிக்குப் போனீங்களா?"

"எதுக்கு? இங்க லொட்ஜில ஒரு வெள்ளக்காரன் கழுத்து நெரிச்சு விடுறான். ஒங்கட படத்தக் காட்டினன். ஏழு, ரெண்டா இறங்கியிரிக்கி எண்டான். நாளைக்கு வரச் சொன்னான்."

"மச்சான், அது பொய்."

"எது, அங்கத்த வெள்ளக்காரன் கீறின படமா?"

"நான் சொன்னது. இப்பவும் ஏழுதான். அந்த ஆள் மெனக்கெட்டுப் போட்டு என்ட மொகத்தப் பாத்துக்கிட்டு நிண்டான். என்னத்தச் சொல்ற?"

"அல்லாஹ்! என்ட காணிப் பேர்மிட்ட ஒரு எழுத்துப் பிழைக்கு மூணு தரம் திருப்பி அனுப்பின மனிசனா நீங்க?"

அந்த அடியை வாங்கிக்கொண்டேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினேன், சுற்றறிக்கை வாசிப்பதைப் போல. சுழியோடியபின் காது திடீரென்று போனால் ஒவ்வொரு நாளும் முக்கியம்; கழுத்தில் கை வைக்க விடவேண்டாம், காதில் எண்ணெய் விடவேண்டாம்; அங்கே இப்போது பின்னேரம், வெளிநோயாளர் பிரிவு மூடியிருக்கும், அவசரப் பிரிவுக்குப் போங்கள்; 'சுழியோடிய பின்' என்று துண்டில் முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள். திட்டிக்கொண்டே ஓட்டோவில் புத்தளத்துக்குப் போனார். வார்டில் கிடந்து வந்தார். அரைவாசிதான் கேட்கிறது. இன்னும் பிந்தியிருந்தால் அதுவும் இல்லையாம். இனிக் கடலுக்கு அடியில் இறங்கக் கூடாது. இரைச்சல் போகவில்லை.

அடுத்த தடவை டைலரிடம் "ஏழு" என்றேன். திரும்ப வந்துவிட்டதா என்று பதறினார். எப்போதும் ஏழுதான் என்றேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் பிரயாசைப்பட்டீர்களே என்றேன். அவருக்கு அது எந்த மொழியிலும் விளங்கியிருக்காது. இன்னும் பன்னிரண்டு தடவை வரும்படி எழுதித் தந்தார். பிறகு நான் போகவில்லை; வரைபடம் இன்னும் சுவரில்தான் இருக்கிறதாம்.

வெள்ளிக்கிழமைகளில் நானும் ரஸீனும் கதைக்கிறோம். சலாம் சொன்னதும் "இண்டைக்கு எத்தன?" என்பார். ஏழு என்பேன். "எனக்கு எட்டு" என்று என்னை வென்றுவிடுவார். அவர் போனை இடது காதிலும் நான் வலது காதிலும் வைத்திருக்கிறோம். கண்டக்குழி என் நல்ல காதுக்குள் இருக்கிறது. மறுபக்கம், பம்பு இரையும் காதருகே, மகள் வந்து நின்று ஏதோ கேட்கிறாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, ஓம் என்று தலையாட்டுகிறேன்.